காலயந்திரத்தில் ஏறிக் கடம்பூர் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையை வைத்து ஒரு காலப்பயணக் கதை எழுதுகிறீர்கள். எதிர்காலத்திலிருந்து ஒரு பெண் கடம்பூர் மாளிகைக்குப் போய் இறங்குகிறாள். அவள் செய்கிற ஒரு சின்னக் குளறுபடியால்தான் இளவரசன் சாகிறான். படித்துப் பார்த்த நண்பர், "வரலாற்றோடு விளையாடாதே" என்று கடிந்துகொண்டார். இது தப்பா, தப்பில்லை என்றால் எதுவரை போகலாம் என்று கேட்கிறீர்கள். அதாவது, விடை தெரியாத ஒரு சம்பவத்தில் கதை எழுதுகிறவனுக்கு எவ்வளவு நிலம் சொந்தம், வேலியை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. காலயந்திரம் உண்மையில் ஓடுமா என்று கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், எனக்கு இயற்பியல் வராது. இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் வரலாறு நடத்தியவன், காலப்பயணக் கதை என்றால் சாப்பாட்டை மறந்து படிக்கிறவன் என்ற இரண்டு தகுதியில் சொல்கிறேன்.

விளையாடலாம். தாராளமாக. ஆனால் இந்த வகைக் கதையின் சுவை முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: ஆவணம் பேசுவதை நிறுத்துகிற இடத்தில் நுழைந்து, அது மறுபடி பேசத் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். நடுவில் இருக்கிற அந்தச் சந்துக்குள் டைனோசரைக்கூட ஓட்டிக்கொண்டு போகலாம். சந்தின் சுவரில் இடித்தால் ஆட்டம் முடிந்தது. பெரும்பாலான கதைகள் இடிப்பதற்குக் காரணம், எழுதியவருக்குச் சந்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாததுதான்.

மேரி செலஸ்ட் கப்பலை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் முதல் வாரம் இதைத்தான் கொடுப்பேன். "ஆளில்லாமல் மிதந்த கப்பல், உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்" என்றால், கேள்விப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் தவறாமல் எழுதுகிற ஒரு வரி உண்டு: மேசை மேல் தேநீர் ஆறாமல் இருந்தது, பாதி சாப்பிட்ட காலை உணவு அப்படியே கிடந்தது. ஆவணத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. 1872 நவம்பர் 7 அன்று 1701 பீப்பாய் ஆல்கஹாலோடு நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குக் கிளம்பிய கப்பல் அது. தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ், அவர் மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை, மாலுமிகள் ஏழு பேர், ஆக மொத்தம் பத்து உயிர். டிசம்பர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே டெய் கிராசியா என்ற இன்னொரு கப்பல் அதைக் கண்டபோது ஒருவரும் இல்லை. பதிவேட்டில் கடைசிக் குறிப்பு நவம்பர் 25. கண்டெடுத்த நாளுக்கும் அதற்கும் ஒன்பது பத்து நாள் இடைவெளி, தேநீர் எப்படி ஆறாமல் இருக்கும்? அடித்தளத்தில் மூன்றரை அடித் தண்ணீர் நின்றது. தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்று கழற்றிப் போடப்பட்டிருந்தது. ஆழம் பார்க்கும் கோல் மேல்தளத்தில் கிடந்தது. இதையெல்லாம்விட முக்கியமானது, படகு இல்லை, செக்ஸ்டன்டும் குரோனோமீட்டரும் இல்லை. கடலில் இருக்கும் இடத்தைக் கணிக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டு நிதானமாகப் படகில் இறங்கிய ஆட்களின் அடையாளம் அது.

கதை எங்கே கெட்டது என்றால், ஜிப்ரால்டரில் விசாரணை நடத்திய அரசு வழக்கறிஞர் கொலை நடந்திருக்கும் என்று சந்தேகித்து, ஒரு வாளில் இருந்த கறையை ரத்தம் என்றார். சோதனையில் அது ரத்தமில்லை. 1884இல் இளம் எழுத்தாளராக இருந்த ஆர்தர் கோனன் டாயில் இதை வைத்து ஒரு சிறுகதை எழுதினார். பெயரை 'மேரி' என்பதிலிருந்து 'மரீ' என்று மாற்றினார், படகுகள் அப்படியே இருந்தன என்று எழுதினார். கதைதானே, எழுதலாம். ஆனால் அதற்குப் பின் வந்த பத்திரிகைக்காரர்கள் கதையையும் செய்தியையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டார்கள். இன்றைக்கும் பலர் அந்தக் கப்பலை 'மரீ செலஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ' 1965இல் இதற்கு விடை சொன்னது. காலத்தில் துரத்திக்கொண்டு வரும் டாலெக் என்ற இயந்திரப் பிராணிகள் அந்தக் கப்பலில் வந்து இறங்குகின்றன, பயந்துபோய் எல்லோரும் கடலில் குதிக்கிறார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆவணத்தைப் படித்தவனுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: குதித்தார்கள் சரி, படகு எங்கே போனது? செக்ஸ்டன்டைக் கையில் பிடித்துக்கொண்டா குதித்தார்கள்? இதைத்தான் சந்தின் சுவரில் இடிப்பது என்றேன். டாலெக்குகள் வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, படகை மறந்ததில்தான் ஆட்சேபம். இந்த மர்மத்தில் உறுதியானது, ஆட்கள் தாங்களாகவே படகில் இறங்கினார்கள் என்பது. சந்தேகத்துக்கு உரியது, ஏன் இறங்கினார்கள் என்பது. ஆல்கஹால் ஆவி திடீரென்று வெடித்துப் பயமுறுத்தியிருக்கலாம். ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய் காலியாக இருந்தன. 2006இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மாதிரி ஒன்று செய்து வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். தீ பெரிதாக எழுந்தது, ஆனால் எதிலும் கருகல் தடம் விழவில்லை. சாத்தியம்தான், அதற்கு மேல் சொல்ல முடியாது. உங்கள் காலயந்திரம் அந்தக் கப்பலுக்குப் போவதென்றால் அது விளக்க வேண்டியது அந்த 'ஏன்' ஒன்றைத்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சோவியத் நாட்டிலிருந்து. என் கணக்கில் இந்த வகையிலேயே உச்சம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1908 ஜூன் 30 காலை சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் வானத்தில் ஏதோ வெடித்தது. இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு சாய்ந்தது. லியோனித் கூலிக் என்ற ஆய்வாளர் அந்த இடத்தை எட்டிப் பிடிக்கவே 1927 ஆகிவிட்டது. விண்கல் விழுந்த பள்ளத்தைத் தேடிப் போனவருக்குப் பள்ளமும் கிடைக்கவில்லை, கல்லும் கிடைக்கவில்லை. நட்ட நடுவே கிளையெல்லாம் உதிர்ந்த மரங்கள் தந்திக் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தன. இன்றைய அறிவியல், தரையைத் தொடுவதற்கு முன்பே பல கிலோமீட்டர் உயரத்தில் விண்கல் வெடித்துச் சிதறிவிட்டது என்கிறது. அதில் பெரிய தகராறு இல்லை. வந்தது சிறுகோளா வால்மீனா என்பதில்தான் விவாதம் ஓடியது.

ஹிரோஷிமாவுக்கு அடுத்த வருஷம், 1946இல், கஸான்ட்செவ் என்ற எழுத்தாளர் அது அணுசக்தியில் ஓடிய வேற்றுக்கிரகக் கலம், தரையிறங்குமுன் வெடித்துவிட்டது என்று கதை எழுதினார். கதையைப் பலர் நிஜமென்றே நம்பினார்கள், கலத்தின் துண்டுகளைத் தேடிக்கூடப் போனார்கள். ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் 1965இல் வெளியிட்ட 'திங்கட்கிழமை சனிக்கிழமையில் தொடங்குகிறது' என்ற நாவல், இந்த மொத்தக் கூத்தையும் பார்த்துக் கண்ணடிக்கிறது. அதில் வரும் மந்திர ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: வந்தது வேற்றுக்கிரகக் கலமேதான், ஆனால் காலத்தில் பின்னோக்கி வாழ்கிறவர்களின் கலம். ஒவ்வொரு நாளையும் நம்மைப் போலவே காலையிலிருந்து இரவுவரை வாழ்வார்கள். நள்ளிரவு அடித்ததும் நாம் அடுத்த நாளுக்குப் போவோம், அவர்கள் முந்தின நாளுக்குப் போவார்கள். அவர்களுக்கு ஜூன் 30க்குப் பிறகு வருவது ஜூன் 29. கலம் வந்து இறங்கியது, காடு எரிந்தது, நள்ளிரவானது, கலம் முந்தின நாளுக்குப் போய்விட்டது. ஜூலை 1இல் நாம் என்னதான் சல்லடை போட்டுத் தேடினாலும் என்ன கிடைக்கும்?

இதன் அழகைக் கவனியுங்கள். துங்குஸ்காவில் உண்மையிலேயே ஆட்களைக் குடைந்த கேள்வி எது? இவ்வளவு பெரிய வெடிப்பில் ஏன் ஒரு துண்டும் இல்லை என்பது. கதையின் விடை அந்தக் கேள்விக்கு மட்டும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. காலப்பயணம் அங்கே ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸாக இல்லை, அதுவேதான் விடை. டாலெக்குகள் மேரி செலஸ்டுக்குக் காலயந்திரத்தில் வந்தால் என்ன, கட்டுமரத்தில் வந்தால் என்ன? துங்குஸ்கா கதையில் காலத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை. உங்கள் கதையையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

அளவில் மிகச் சிறிய மர்மம் ஒன்றும் உண்டு. ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் 'குப்ளா கான்' கவிதையைக் கனவில் கண்டதாகவும், விழித்து எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக் என்ற ஊரிலிருந்து ஏதோ வேலையாக வந்த ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொண்டதாகவும், திரும்பி வந்து பார்த்தால் மிச்சக் கவிதை மறந்தே போய்விட்டதாகவும் 1816இல் முன்னுரை எழுதினார். வந்தவர் யார்? டக்ளஸ் ஆடம்ஸ் 1987இல் எழுதிய ஒரு நாவலில், வந்தவர் காலயந்திரத்தில் வந்த ஒரு துப்பறிவாளர். மிச்சக் கவிதை எழுதப்பட்டால் உலகத்துக்கே ஆபத்து, அதனால் கவிஞரிடம் வேண்டுமென்றே கதையளந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் கோல்ரிட்ஜின் கையெழுத்திலேயே இதே கவிதைக்கு ஒரு பிரதி இருக்கிறது. அதன் அடிக்குறிப்பில் அபினி உண்டு, பண்ணை வீடு உண்டு, 1797 உண்டு, போர்லாக்கும் உண்டு. விருந்தாளி மட்டும் இல்லை. முடிக்க முடியாத கவிதைக்குக் கவிஞரே கண்டுபிடித்த சாக்காக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறவர்கள் உண்டு. அப்படியானால் நாவலாசிரியர் நிரப்பிய சந்தே கவிஞர் வெட்டிய சந்துதான். எனக்கு இது பிடிக்கும், இரண்டு பேருமே புளுகர்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

அகதா கிறிஸ்டி 1926 டிசம்பரில் பதினோரு நாள் காணாமல் போய் ஹாரோகேட் ஓட்டலில் கிடைத்த சங்கதியை 2008இல் 'டாக்டர் ஹூ' ஒரு ராட்சதக் குளவியை வைத்து விளக்கியது. முடிவில் அவரைச் சரியாக ஹாரோகேட்டில் கொண்டுவந்து விட்டார்கள் என்பதற்காகப் பாராட்டலாம். ஆனால் ஓட்டலில் அவர் 'நீல்' என்ற பெயரில் தங்கினார், அது கணவரின் காதலியுடைய குடும்பப் பெயர். அந்த ஒரு தகவலே மர்மத்தில் பாதியைக் கரைத்துவிடுகிறது. மிச்சம் ஒரு பெண்ணின் மனவேதனை. குளவி அதன் மேல் உட்கார்ந்தது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை.

எழுதும்போது சறுக்குகிற இன்னொரு இடம். காலப்பயணக் கதையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் போனவன் வரலாற்றை மாற்றிவிடுவான், மற்றதில் போனவன் செய்ததும் சேர்ந்ததுதான் நாம் படித்த வரலாறு. மர்மத்துக்கு விடை சொல்ல வேண்டுமென்றால் இரண்டாவது ஜாதிதான் சரிவரும். உங்கள் நாயகி போய்த்தான் கரிகாலன் செத்தான் என்றால், அவள் போகாத உலகம் ஒன்று இருக்கவே கூடாது. நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் முதலில் அவன் உயிரோடு ஆண்டதாகவும், அவள் போன பின் மாறியதாகவும் வருகிறது. அந்தக் கணமே இது மர்மத்தின் விளக்கமாக இல்லாமல் வேறு கதையாகிவிடுகிறது. அதுவும் நல்ல கதையாக வரலாம், ஆனால் நீங்கள் எழுத நினைத்தது அதுவல்ல.

நண்பரின் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட வேண்டாம். சில சந்துகள் உண்மையில் சந்தே இல்லை. எகிப்துப் பிரமிடை வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள், எதிர்காலத்து ஆட்கள் கட்டினார்கள் என்று எழுதுகிறவர்கள் ஒரு மௌனத்தை நிரப்புவதில்லை, பேசிக்கொண்டிருப்பவனின் வாயைப் பொத்துகிறார்கள். கீசாவில் வேலையாட்களின் குடியிருப்பைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். மெரெர் என்ற மேற்பார்வையாளர் கூஃபு மன்னனின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன படகுப் பயணங்களை நாள்வாரியாக எழுதிய பாப்பிரஸ் சுருள் 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தது. நம் தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சனின் பெயரே கல்லில் இருக்கிறது. அங்கே காலயந்திரத்தை இறக்கினால் அந்த மனிதனின் கூலியைத் திருடுகிறோம். அதேபோல, இன்னும் உறவினர்கள் காத்துக்கொண்டிருக்கும் சமீபத்திய காணாமல்போன சம்பவங்களையும் நான் தொட மாட்டேன். பத்தாம் நூற்றாண்டுக் கொலைக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இனி உங்கள் கரிகாலன். முதலில் கடம்பூரை விடுங்கள். அது கல்கி 'பொன்னியின் செல்வ'னில் கட்டிய மேடை, கொலை எங்கே நடந்தது என்பதற்கு ஆவணம் இல்லை. நாவலைப் படித்து வளர்ந்த நமக்கெல்லாம் அந்த மாளிகை நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது, மேரி செலஸ்டின் தேநீர் மாதிரி. உறுதியாக இருப்பது காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, இராஜகேசரி என்ற பட்டம் தாங்கிய சோழ மன்னர் ஒருவரின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவர் முதலாம் இராஜராஜன் என்பது பெரும்பாலோர் முடிவு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் சொல்லி, அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. அது கொலை விசாரணை அறிக்கை அல்ல, அடிப்படையில் ஒரு நிலப் பத்திரம். பறித்த நிலம் கைமாறித் தர்மமான கதையைப் பதிய வந்த இடத்தில், போகிற போக்கில் கொலையைச் சொல்கிறது. அதனால்தான் நமக்கு ஆர்வமான எதையும் அது சொல்வதில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேடு, இராஜேந்திரன் காலத்தது, இன்னும் அழகாக நழுவுகிறது: ஆதித்தன் வானுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்கிறது. சொந்தப் பெரியப்பாவின் கொலையைப் பேரரசனின் செப்பேடு இப்படி ஒரு வரியில் தாண்டிப் போகிறது என்றால், அந்த மௌனம் ஒரு காலயந்திரம் இறங்கப் போதுமான மைதானம்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார், பின்னால் வந்த பலர் அதை ஏற்கவில்லை. கொலைக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தண்டனை வந்தது என்ற பிரபலமான வாதமும் ஆட்டம் காண்கிறது. கல்வெட்டில் இருப்பது சொத்தை அப்புறப்படுத்திய செய்தி, தண்டனை அன்றுதான் தொடங்கியது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பட்டத்தில் பாண்டியனைக் குறிக்கும் 'பஞ்சவன்' என்று இருப்பதால் ரவிதாசன் பாண்டிய நாட்டு ஆள் என்பார்கள். ஆனால் இராஜராஜனின் தேவியர் ஒருவருக்கே பஞ்சவன் மாதேவி என்று பெயர். அவன் தம்பி பரமேசுவரனின் 'இருமுடிச்சோழ' என்பதோ அப்பட்டமான சோழப் பட்டம். அரசாங்கத்தில் பட்டம் வாங்கிய பெரிய அதிகாரிகள் என்பது வரை போகலாம், பழிவாங்க வந்த பாண்டிய ஆபத்துதவிகள், அதாவது மன்னனின் மெய்க்காவலர்கள், என்பது நாவலின் வேலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இளவரசனின் படுக்கையறைக்கே போக மாட்டேன். அங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம். கல்வெட்டின் முதல் பெயருக்குப் போவேன். ரவிதாசனுக்குப் பட்டம் இருக்கிறது, பரமேசுவரனுக்குப் பட்டம் இருக்கிறது. நமக்குப் படிக்கக் கிடைக்கிற வாசகத்தில் சோமனுக்குப் பட்டம் கிடையாது. வெறும் சோமன். இரண்டு பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் முதல் ஆளாக நிற்கிற இந்தப் பட்டமில்லாத மனிதன் எந்த ஊர், எப்போது வந்தவன்?